நாளைக்கு வர்றவங்களுக்காக எழுதுங்க

(திட்டக்குடியில் நடந்த நமது கூட்டமைப்பின் உறுப்பினர் கூட்டத்தில் இயன்முறை மருத்துவர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம். தன் பெயரைப் போட்டால் தன்னிடம் சிகிச்சை பெற்றவர்கள் யார் யார் என்று ஊருக்குத் தெரிந்துவிடும், அதனால் பெயர் வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். அவர் விருப்பப்படியே வெளியிடுகிறோம்.)



உங்க தலைவி அக்கா என்னைக் கூப்பிட்டப்போ, "மேடம், முட்டிவலி இடுப்புவலிக்கு நாலு பயிற்சி சொல்லிக் குடுங்க"ன்னுதான் கேட்டாங்க. பயிற்சி கடைசியில செஞ்சு காட்டறேன். அதுக்கு முன்னாடி அரை மணி நேரம் வேற ஒரு விஷயம் பேசணும். பேனா பத்தி, நோட்டு பத்தி, எழுதறது பத்தி.

"பிசியோதெரபி டாக்டரு காலைப் பிடிச்சு ஆட்டுவாரு, கையைப் பிடிச்சு நீட்டுவாரு. அதுல எழுதறதுக்கு என்ன இருக்கு?" என்று நீங்கள் நினைக்கலாம். நானும் படிப்பு முடிச்ச புதுசில அப்படித்தான் நினைச்சேன். அந்த நினைப்புக்கு ஒரு குடும்பம் என்ன விலை கொடுத்ததுன்னு முதல்ல சொல்லிடறேன்.

மூணே வார்த்தை

அப்போ நான் வேறொரு மாவட்டத்தில், ஒரு தனியார் சிகிச்சை நிலையத்தில் வேலை பார்த்தேன். வீட்டுக்கே போய் சிகிச்சை கொடுப்போம். ஒருநாள் நான் போவேன், ஒருநாள் விட்டு இன்னொருத்தர் போவார். 58 வயசு அம்மா ஒருத்தர். வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிஞ்சு, ஆபரேஷன் முடிஞ்சு மூணாவது வாரம்.

ஒரு திங்கட்கிழமை போனேன். இடது கெண்டைக்கால் கொஞ்சம் வீங்கின மாதிரி இருந்தது. ஆபரேஷன் ஆன காலில் வீக்கம் இருக்கிறது சகஜம்தான். நோட்டில் எழுதினேன்: "இடது கால் வீக்கம். பயிற்சி தொடர்க." கையெழுத்துப் போட்டேன். கிளம்பிட்டேன்.

புதன்கிழமை என் சக ஊழியர் போனார். அவர் அந்த அம்மாவை அதுக்கு முன்னாடி ஒரே ஒரு தடவைதான் பார்த்திருக்கார். வீக்கத்தைப் பார்த்தார். என் நோட்டைப் புரட்டினார். "வீக்கம்"னு ஏற்கெனவே எழுதியிருக்கு. சரி, பழைய வீக்கம்தான் என்று நினைத்து அவரும் "வீக்கம் உள்ளது, பயிற்சி தொடர்க" என்று எழுதிவிட்டு வந்தார்.

வெள்ளிக்கிழமை விடியற்காலை அந்த அம்மாவுக்கு மூச்சு வாங்கியது. ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். கால் ரத்தக்குழாயில் ரத்தம் கட்டி, அதில் ஒரு துண்டு நுரையீரலுக்குப் போயிருந்தது. கடவுள் புண்ணியம், பிழைத்துக்கொண்டார். ஆனால் 12 நாள் ஆஸ்பத்திரி. மகளோட நகை முழுக்க அடகுக்குப் போச்சு.

பயிற்சி கொடுத்ததால்தான் வந்ததுன்னு அங்கிருந்த டாக்டர் சொல்லவில்லை. "புதன்கிழமையே அனுப்பியிருக்கலாமே" என்றுதான் சொன்னார்.

ஏன் அனுப்பவில்லை? திங்கட்கிழமை நான் இஞ்ச் டேப்பை எடுத்து, முழங்காலுக்குக் கீழே எலும்பு முட்டாகத் தெரிகிற இடத்திலிருந்து 10 செ.மீ. இறங்கி, இரண்டு காலையும் சுற்றி அளந்து எழுதியிருக்கணும். ஒரு கால் இன்னொரு காலைவிட 3 செ.மீ.க்கு மேல் பெருத்திருந்தால் ரத்தக்கட்டு இருக்குமோ என்று சந்தேகப்பட வேண்டும். இது நாங்கள் படித்த பாடம்தான். நான் இரண்டு எண் எழுதியிருந்தால், புதன்கிழமை வந்தவர் மறுபடி அளந்திருப்பார். வீக்கம் ஏறியிருக்கா இறங்கியிருக்கான்னு அந்த எண்ணே சொல்லியிருக்கும். நான் எண் எழுதவில்லை. வார்த்தை எழுதினேன். "வீக்கம்" என்கிற வார்த்தை திங்கட்கிழமையும் ஒரே அளவு, புதன்கிழமையும் ஒரே அளவு!

அந்த மகள் என்னிடம் ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள். "அக்கா, நீங்க எழுதினதைப் பார்த்துத்தானே அவரு முடிவு பண்ணாரு?" அவளும் உங்களை மாதிரி ஒரு சுயஉதவிக் குழு உறுப்பினர். குழுவில் கடன் வாங்கித்தான் நகையில் பாதியை மீட்டாள்.

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்றேன். அந்த வாரம் நிலையத்தில் ஒருவர் என்னிடம், "திங்கட்கிழமை குறிப்புக்குக் கீழே இடம் இருக்கு பாரு. ஒரு அளவைப் போட்டு விட்டுடு. நாளைக்கு கேஸு கீஸுன்னு வந்தா நமக்குப் பாதுகாப்பு" என்றார். பேனா மூடியைத் திறந்துவிட்டேன் சகோதரிகளே. எழுத வேண்டிய இடத்தில் பேனா முனை நின்றது. அளக்காத காலுக்கு என்ன அளவு எழுதுவது? மூடிவிட்டேன். அன்றைய தேதியைப் போட்டு, "திங்கட்கிழமை காலின் சுற்றளவை நான் அளக்கவில்லை" என்று தனியாக எழுதிக் கையெழுத்துப் போட்டேன். என் வாழ்க்கையில் நான் எழுதியதிலேயே கஷ்டமான வரி அதுதான்.

நோட்டு எழுதுவது உங்களுக்குப் புதுசா?

உங்களுக்கு இதில் நான் புதிதாகச் சொல்லித்தர ஒன்றும் இல்லை. 1989-ல் தர்மபுரியில் சுயஉதவிக் குழுக்கள் ஆரம்பித்து, கொஞ்ச வருஷத்திலேயே நம்ம அன்றைய தென்னாற்காடு மாவட்டத்துக்கும் வந்தது. அன்றிலிருந்து நம் பெண்கள் எழுதிக்கொண்டுதானே இருக்கிறார்கள்? வருகைப் பதிவேடு, தீர்மானப் புத்தகம், ரொக்கப் புத்தகம், சேமிப்புப் பேரேடு, கடன் பேரேடு, தனிநபர் பாஸ்புக். எத்தனை நோட்டு!

உங்கள் கடன் பேரேட்டில் ஊக்குநர், "ஒரு அக்கா கொஞ்சம் பணம் கட்டினாங்க, பரவாயில்லை" என்று எழுதினால் ஒத்துக்கொள்வீர்களா? எவ்வளவு கட்டினாங்க, எந்தத் தேதி, அசல் எவ்வளவு, வட்டி எவ்வளவு, மீதி எவ்வளவு என்று கேட்க மாட்டீர்களா? ஊக்குநர் மாறிவிட்டால் புதிதாக வருபவர் அந்தப் பேரேட்டைப் பார்த்துத்தானே வசூல் பண்ண முடியும்?

ஆனால் ஒரு மனுஷியின் உடம்பு விஷயத்தில் மட்டும் "கொஞ்சம் பரவாயில்லை", "நல்லா இருக்காங்க", "மேற்படி" என்று எழுதுகிறோம். பணத்துக்குக் கொடுக்கிற மரியாதையைக் காலுக்கும் கைக்கும் கொடுப்பதில்லை.

இது உங்களுக்கு ஏன் முக்கியம்? 2021 ஆகஸ்ட் 5-ஆம் தேதி கிருஷ்ணகிரி மாவட்டத்தில் "மக்களைத் தேடி மருத்துவம்" திட்டம் தொடங்கியபோது, வீடு வீடாகப் போய் சர்க்கரை, ரத்த அழுத்தம் பார்த்து மாத்திரை கொடுக்கும் வேலைக்கு மகளிர் குழுக்களிலிருந்துதான் பெண்களை எடுத்தார்கள். படுத்த படுக்கையாக இருப்பவர்களைப் பார்க்க நர்சும், இயன்முறை மருத்துவரும் வீட்டுக்கே போனார்கள். 2024-ல் இந்தத் திட்டத்துக்கு ஐக்கிய நாடுகள் சபையின் விருது கிடைத்ததே, அதில் நம் குழுப் பெண்களின் நடையும் சேர்ந்திருக்கிறது. இன்றைக்கு இந்தக் கூட்டத்திலேயே தன்னார்வலர்கள் சில பேர் உட்கார்ந்திருக்கிறீர்கள். மற்றவர்கள் வீட்டிலும் பக்கவாதம் வந்த மாமனார், முட்டி தேய்ந்த ஆயா, நடை வராத குழந்தை என்று யாராவது இருப்பார்கள். ஆகவே எழுதுவது எல்லோருக்குமே தேவை.

நாலு கட்டம்

லாரன்ஸ் வீட் என்று ஒரு அமெரிக்க டாக்டர். ஆஸ்பத்திரிக் குறிப்புகள் தலையும் வாலும் இல்லாமல் கிடப்பதைப் பார்த்து, எப்படி ஒழுங்காக எழுதுவது என்று 1968-ல் ஒரு கட்டுரை எழுதினார். அவர் வழியில் வந்த முறையைத்தான் இன்று உலகம் முழுக்க எங்கள் தொழிலில் சொல்லிக்கொடுக்கிறார்கள். அது நாலே கட்டம்தான்:

1. அவங்க சொன்னது.
2. நாம பார்த்தது, அளந்தது.
3. அதை வைத்து நாம புரிஞ்சுக்கிட்டது.
4. இன்னைக்குச் செஞ்சது, இனிமேல் செய்யப்போறது.

இந்த நாலையும் ஒன்றோடு ஒன்று கலக்கக் கூடாது. அதுதான் முக்கியம். "வலி குறைஞ்சிருக்கு" என்று எழுதினால், அது அவங்க சொன்னதா, நாம நினைச்சதா? தெரியாது. "வலி பாதியாகக் குறைந்தது என்றார்" என்று எழுதினால் தெளிவு.

ஒரு உதாரணம் பாருங்கள். பக்கவாதம் வந்து எட்டு வாரம் ஆன ஒரு பாட்டி. பழைய பாணியில் எழுதினால் இப்படி இருக்கும்:

"பாட்டி பரவாயில்லை. நடக்கிறார். தோள்வலி. பயிற்சி தரப்பட்டது. ஒத்துழைப்பு குறைவு."

இதையே ஒழுங்காக எழுதினால்:

"காலை 10.20.
சொன்னது: 'நேத்து ராத்திரி வலது தோள் குடைஞ்சுது, தூக்கமே இல்லை' என்றார். வலி ரூபாய்க்குப் பத்தணா. பின்கட்டுக்குத் தனியாகப் போக வேண்டும் என்பது அவர் ஆசை.
பார்த்தது: ரத்த அழுத்தம் 138/86. வலது கையைத் தானாக 60 டிகிரி வரை தூக்குகிறார். தாங்கிப் பிடித்தால் வலியில்லாமல் 90 டிகிரி வரை போகிறது. நாற்காலியிலிருந்து எழுந்து, 3 மீட்டர் நடந்து, திரும்பி வந்து உட்கார 34 விநாடி. போன வாரம் 41 விநாடி.
புரிந்தது: நடை முன்னேறுகிறது. தோள்வலி புதிது. மருமகள் எழுப்பிவிடும்போது வலது கையைப் பிடித்து இழுப்பதைப் பார்த்தேன். அது காரணமாக இருக்கலாம்.
செய்தது: கையை இழுக்காமல் இடுப்பைத் தாங்கி எழுப்பும் முறையை மருமகளுக்குக் காட்டினேன். அவரைச் செய்யச் சொல்லியும் பார்த்தேன். சரியாகச் செய்தார். படுக்கும்போது வலது கைக்குக் கீழே தலையணை. நடைப் பயிற்சி தினம் இருவேளை, பத்து நிமிடம்.
இலக்கு: 4 வாரத்தில் 12 அடி தூரத்திலுள்ள பின்கட்டுக்குக் கைத்தடியோடு தனியாகப் போக வேண்டும். மறுபடி பார்ப்பது வியாழன்."

எழுத அஞ்சு நிமிஷம் கூடத்தான் ஆகும். ஆனால் வியாழக்கிழமை நான் காய்ச்சலில் படுத்துவிட்டால், பாட்டியைப் பார்த்தே இராத ஒருவர் இந்தக் குறிப்பை வைத்துக்கொண்டு வேலையைத் தொடரலாம். மருமகளை அவர் முதலில் என்ன கேட்பார்? "எழுப்பிக் காட்டும்மா" என்பார். அது போதும்.

கவனிக்க வேண்டியவை

*அளவு எழுதுங்கள்.* நான் சொன்ன 3 மீட்டர் நடைக்கு ஒரு கடிகாரமும் ஒரு நாற்காலியும் போதும். வயசானவர்களுக்கு 12 விநாடியோ அதற்கு மேலோ ஆனால் விழுகிற ஆபத்து இருக்கிறது என்று எடுத்துக்கொண்டு ஜாக்கிரதையாகப் பார்ப்போம்.

*எந்த அளவுகோல் என்றும் எழுதுங்கள்.* "வலிக்குப் பத்துக்கு எத்தனை மார்க்கு?" என்று கேட்டால் சில ஆயாக்கள் விழிப்பார்கள். "தாங்கவே முடியாத வலி ஒரு ரூபாய்னா, இப்ப எத்தனை அணா?" என்றால் டக்கென்று சொல்வார்கள். கேட்டது அணாக் கணக்கு என்றால் "16-க்கு 10" என்றே எழுதணும். வெறும் "10" என்று எழுதினால் அடுத்து வருபவர் தாங்கவே முடியாத வலி என்று நினைத்துவிடுவார்.

*எந்தப் பக்கம் என்று எழுதுங்கள்.* வலது, இடது. இதை விட்டுவிடுவதுதான் அதிகம்.

*வாழ்க்கையோடு சேர்த்து எழுதுங்கள்.* விருத்தாசலத்தில் பீங்கான் பட்டறைக்கு வேலைக்குப் போகிற ஒரு பெண்ணுக்குத் தோள்பட்டை பிடித்துக்கொண்டது. "கை 110 டிகிரி தூக்குகிறார்" என்று மட்டும் எழுதினால், நல்லாத்தானே தூக்கறாங்க என்று தோன்றும். "அச்சுகளைத் தலைக்கு மேல் இருக்கும் பலகையில் அடுக்க முடியவில்லை, அதனால் பத்து நாளாக வேலைக்குப் போகவில்லை" என்று சேர்த்து எழுதினால்தான் அவர் கஷ்டம் புரியும். டிகிரி எங்களுக்கு. அவருக்கு வேண்டியது பலகை எட்டுவது.

*பழிபோடும் வார்த்தை வேண்டாம்.* "ஒத்துழைக்கவில்லை", "சோம்பல்", "சொன்னபடி கேட்பதில்லை" என்று எழுதாதீர்கள். ஏன் செய்யவில்லை என்று கேளுங்கள். "விடியற்காலை 5 மணிக்குப் பருத்தி எடுக்கப் போகிறார், திரும்ப 3 மணி. இரவு ஒருவேளைதான் பயிற்சி செய்ய முடிகிறது" என்று எழுதினால், அடுத்தவர் திட்ட மாட்டார். ஒருவேளையில் செய்கிற மாதிரி பயிற்சியை மாற்றிக் கொடுப்பார்.

*முன்கூட்டியே எழுதக் கூடாது.* வீட்டுக்குப் போகும் முன்பே "பார்த்தேன், பயிற்சி கொடுத்தேன்" என்று எழுதி வைப்பது, நேற்றைய குறிப்பைப் பார்த்து அப்படியே இன்றைக்கும் எழுதுவது. இரண்டுமே பொய்க்கணக்கு. வீடு பூட்டியிருந்தால் "வீடு பூட்டியிருந்தது" என்று எழுதுவதில் என்ன அவமானம்?

*தப்பை மறைக்கக் கூடாது.* தப்பாக எழுதிவிட்டால் வெள்ளை மை பூசாதீர்கள், கிறுக்கி அழிக்காதீர்கள், தாளைக் கிழிக்காதீர்கள். ஒரே ஒரு கோடு போடுங்கள். கீழே இருப்பது படிக்கத் தெரியணும். பக்கத்தில் சரியானதை எழுதி, தேதி போட்டுக் கையெழுத்துப் போடுங்கள். ரொக்கப் புத்தகத்தில் செய்கிற மாதிரியேதான். மறந்துபோனதைப் பிறகு எழுதினால் "பிறகு எழுதியது" என்று சொல்லியே எழுதுங்கள்.

தன்னார்வலர் சகோதரிகளுக்குத் தனியாக ஒன்று. "மாத்திரை கொடுத்தாச்சு" என்று எழுதுவதோடு நிறுத்தாதீர்கள். "30 மாத்திரை கொடுத்தேன். போன மாசத்து மாத்திரை 11 மிச்சம் இருக்கு" என்று எழுதிப் பாருங்கள். அந்த 11 என்ன சொல்கிறது? தினம் ஒரு மாத்திரை என்றால் பதினோரு நாள் அவர் போடவில்லை! ரத்த அழுத்தம் ஏன் இறங்கவில்லை என்று டாக்டர் மண்டையைப் பிய்த்துக்கொள்ள வேண்டாம், மருந்தை மாற்றவும் வேண்டாம். தலை சுத்துதுன்னு நிறுத்திட்டாங்களா, மறந்துட்டாங்களா என்று விசாரித்தால் போதும்.

கண்ணுக்குத் தெரியாததை நோட்டு காட்டும்

பெரியவர்களுக்கு ஞாபகம் இருக்கும். ஒரு காலத்தில் நம்ம பக்கத்தில் தொழுநோய் அதிகம். தொழுநோயில் நரம்பு பாதிக்கப்பட்டு, கை காலில் உணர்ச்சி கொஞ்சம் கொஞ்சமாகப் போகும். சட்டி சுடுவது தெரியாது, முள் குத்துவது தெரியாது. அப்புறம் புண், விரல் மடங்கிப்போவது எல்லாம் வரும்.

இதைத் தடுக்க அந்தச் சிகிச்சை மையங்களில் ஒரு வழி வைத்திருந்தார்கள். ஒரு தாளில் இரண்டு உள்ளங்கை, இரண்டு பாதம் படம் போட்டிருக்கும். நோயாளியைக் கண்ணை மூடச் சொல்லி, சில குறிப்பிட்ட இடங்களில் மெல்லத் தொட்டுப் பார்ப்பார்கள். தெரிகிறது என்றால் ஒரு குறி. தெரியவில்லை என்றால் வேறொரு குறி. சுண்டுவிரலை எவ்வளவு பலமாக விரிக்கிறார், கட்டைவிரலை எவ்வளவு தூக்குகிறார், பாதத்தை மேலே தூக்க முடிகிறதா என்பதையும் எழுதுவார்கள். அடுத்த தடவை வந்தால் மறுபடி அதே சோதனை, அதே படம்.

இரண்டு தாளையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் போதும். போன தடவை தெரிந்த இரண்டு இடம் இந்தத் தடவை தெரியவில்லை என்றால், நரம்பு கெட ஆரம்பித்துவிட்டது என்று அர்த்தம். ஆறு மாசத்துக்குள் அதைக் கண்டுபிடித்து மருந்து ஆரம்பித்தால் பெரும்பாலும் கையைக் காப்பாற்ற வாய்ப்பு உண்டு. விட்டுவிட்டால் போனது போனதுதான். நோயாளிக்கே தெரியாத நஷ்டத்தை ஒரு தாள் காட்டிக்கொடுத்தது. பெரிய மிஷின் எதுவும் இல்லை. ஒரே மாதிரி அளந்து, ஒரே மாதிரி எழுதினார்கள், அவ்வளவுதான்.

முன்னேற்றமும் அப்படித்தான். எனக்குத் தெரிந்த ஒரு அம்மாயி, மூளை முடக்குவாதம் உள்ள பேரனைத் தூக்கிக்கொண்டு ஒரு வருஷமாக அலைந்தார். ஒருநாள், "போதும்மா, ஒரு மாத்தமும் இல்லை. கூலிக்குப் போனாலாவது நாலு காசு வரும்" என்று அழுதார். நான் நோட்டை எடுத்துப் படித்துக் காட்டினேன். முதல் மாதம்: பிடிக்காமல் உட்கார முடியவில்லை. நாலாம் மாதம்: கையை ஊன்றி 10 விநாடி உட்கார்ந்தான். எட்டாம் மாதம்: கையை எடுத்து ஒரு நிமிஷம். அன்றைக்கு: உட்கார்ந்துகொண்டே பந்தைப் பிடித்தான். அம்மாயி கண்ணைத் துடைத்துக்கொண்டு, "இதெல்லாம் இவனா செஞ்சான்?" என்று கேட்டார். தினம் பார்க்கிற கண்ணுக்கு வளர்ச்சி தெரியாது சகோதரிகளே.

வீட்டுக்கு ஒரு நோட்டு

இன்றைக்கு நீங்கள் வீட்டுக்குப் போய்ச் செய்ய வேண்டியது இதுதான். வைத்தியத்தில் இருப்பவர் வீட்டில் இருந்தால், ஆளுக்கு ஒரு 40 பக்க நோட்டு வாங்குங்கள்.

• முதல் பக்கத்தில் பெயர், வயது, என்ன நோய், எப்போது வந்தது, எந்த மருந்து ஒத்துக்காது.
• எந்த ஆஸ்பத்திரிக்குப் போனாலும் தேதி, டாக்டர் சொன்னது, கொடுத்த மருந்து.
• பயிற்சி என்றால் என்ன பயிற்சி, எத்தனை தடவை, அன்றைக்குச் செய்தாரா இல்லையா.
• படுத்த படுக்கை என்றால் இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை எந்தப் பக்கம் திருப்பிப் படுக்கவைத்தோம் என்று. முதுகு, இடுப்பு, குதிகாலில் சிவந்து, சிவப்பு மறையாமல் இருந்தால் உடனே எழுதி, உடனே சொல்லவும் வேண்டும். படுக்கைப்புண் அப்படித்தான் ஆரம்பிக்கும்.
• ஸ்கேன், எக்ஸ்ரே, டிஸ்சார்ஜ் சீட்டு எல்லாம் ஒரே பையில்.

விபத்தில் கால் போனவருக்கு இழப்பீட்டு வழக்கு நடந்தாலும், மாற்றுத்திறனாளி சான்றிதழுக்குப் போனாலும் முதலில் கேட்பது பழைய சீட்டுகளைத்தான். 2016-ஆம் வருஷத்துச் சட்டப்படி 21 வகைக் குறைபாடுகள் கணக்கில் வருகின்றன. வேலை ஒதுக்கீடு மாதிரியான பல சலுகைகளுக்கு 40 சதவீதம் பாதிப்பு இருக்க வேண்டும். சீட்டு இல்லாமல் அலைகிறவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன்.

சகோதரிகள் கேட்ட கேள்விகள்

*எழுதப் படிக்கத் தெரியாதவங்க என்ன பண்றதுங்க?*

தினசரி காலண்டர் இருக்கே! பயிற்சி செஞ்ச அன்னைக்கு அந்தத் தாளில் ஒரு கோடு. மாத்திரை போட்டா ஒரு புள்ளி. கிழிச்சதைத் தூக்கிப் போடாம கம்பியில குத்தி வைங்க. பள்ளிக்கூடம் போற பிள்ளை வாரத்துக்கு ஒருநாள் அதை நோட்டில் ஏத்தட்டும். படிக்காத ஒரு பெரியம்மா எனக்கு இப்படித்தான் மூணு மாசக் கணக்கு காட்டினாங்க. நான் பார்த்ததிலேயே நேர்மையான குறிப்பு அது.

*ஆஸ்பத்திரியில நகல் கேட்டா தர மாட்டேங்கறாங்களே?*

கேட்க உங்களுக்கு உரிமை உண்டு. டாக்டர்களுக்கான 2002-ஆம் வருஷத்து ஒழுக்க விதிகளில், உள்நோயாளிகளின் குறிப்பை மூணு வருஷம் வைத்திருக்கணும், நோயாளியோ அவர் அனுமதி பெற்றவரோ கேட்டால் 72 மணி நேரத்துக்குள் தரணும் என்று இருக்கிறது. வாயால் கேட்காதீங்க. ஒரு மனுவாக எழுதி, தேதி போட்டு, கொடுத்ததுக்கு அடையாளமாக நகலில் கையெழுத்து வாங்கிக்கோங்க. சட்ட உதவி தேவைப்பட்டால், பெண்களுக்கு வருமானம் எவ்வளவு என்று பார்க்காமலே இலவசமாகத் தர 1987-ஆம் வருஷத்துச் சட்டத்தில் இடம் இருக்கு. நீதிமன்றத்தில் உள்ள சட்டப் பணிகள் குழுவில் கேளுங்க.

*நோட்டை போட்டோ எடுத்து குழு வாட்ஸ்அப்ல போட்டா எல்லாருக்கும் தெரியுமே, உதவியும் கிடைக்குமே?*

வேண்டவே வேண்டாம். ஒருத்தர் உடம்பு அவருக்குச் சொந்தம். தவணை கட்ட முடியாத உறுப்பினர் பேரைத் தெருக்குழாயில் நின்று பேசுவோமா? அதைவிட இது பெரிசு. சிகிச்சை கொடுக்கிறவருக்கு மட்டும், நோயாளியிடம் கேட்டுக்கொண்டு காட்டுங்க. உதவி தேவைன்னா, அவர் சம்மதத்தோட, தேவை என்னவோ அதை மட்டும் சொன்னால் போதும்.

*எல்லாத்தையும் எழுதிட்டே இருந்தா, கையால சிகிச்சை எப்ப பண்றதுங்க மேடம்?*

நல்ல கேள்வி. எல்லாத்தையும் எழுத வேண்டாம். நாளைக்கு வர்றவங்களுக்கு எது தெரியலேன்னா தப்பு நடக்குமோ, அதை எழுதுங்க. பாட்டி காபி குடிச்சாங்களா என்பது வேண்டாம். வலது தோள் நேத்துதான் வலிக்க ஆரம்பிச்சதுன்னா அது வேணும். நான் அன்னைக்கு ஒரு பக்கம் எழுதியிருக்க வேண்டியதில்லை. இரண்டு எண் எழுதியிருந்தால் போதும்.

இப்போதும் என் பையில் முதலில் வைப்பது இஞ்ச் டேப்தான். தையல்காரர் வைத்திருப்பாரே, அதே டேப். பத்தோ பதினைந்தோ ரூபாய்.

சரி, எல்லாரும் எழுந்திருங்க. முட்டிப் பயிற்சி பார்க்கலாம். ஆனா ஒரு நிபந்தனை. ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி, நாற்காலியில கையை ஊன்றாம அரை நிமிஷத்துல எத்தனை தடவை உட்கார்ந்து எழுந்திரிக்கறீங்கன்னு பக்கத்துல இருக்கிறவங்க எண்ணணும். இன்னைய தேதி போட்டு அதை எழுதிக்கோங்க. அடுத்த கூட்டத்துல அந்த நோட்டோட வாங்க.